பாடநூலில் அடிமைகள்: அமெரிக்கப் பாடசாலைகள் தம் வரலாற்றைக் கற்பிக்கும் விதம்

2015ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் தனது புவியியல் பாடநூலின் ஒரு பக்கத்தைப் படமெடுத்துத் தாயாருக்கு அனுப்பினான். குடிப்பெயர்வு பற்றிய அப்பகுதியில் ஒரு தேசப்படமும் அதனுடன் ஒரு குறிப்பும் இருந்தன. அட்லாந்திக் அடிமை வணிகம் பதினாறாம் நூற்றாண்டு முதல் மில்லியன் கணக்கான 'தொழிலாளர்களை' ஆபிரிக்காவிலிருந்து அமெரிக்காவின் தென்பகுதித் தோட்டங்களில் வேலை செய்வதற்காகக் கொண்டுவந்தது என்பது அக்குறிப்பின் சாரம். கறுப்பினத்தவரான அத்தாய் இதனைப் பகிரங்கப்படுத்தியபோது நாடெங்கும் கண்டனம் எழுந்தது. நூலை வெளியிட்ட மெக்ரோ-ஹில் நிறுவனம் அச்சொல்லாட்சி பொருத்தமற்றது என ஏற்றுத் திருத்தம் செய்ய உடன்பட்டது.

இது வெறும் ஒரு சொல் பற்றிய சர்ச்சை எனச் சிலர் கருதக்கூடும். ஆனால் அச்சொல் மறைப்பது சிறிதன்று. தொழிலாளி எனப்படுபவன் உழைப்புக்குக் கூலி பெறுபவன். விரும்பாதபோது வேலையை விட்டு விலகக்கூடியவன். அவன் பெற்ற பிள்ளை அவனுடைய பிள்ளை. இம்மூன்றும் மறுக்கப்பட்டவனே அடிமை. அவ்வாக்கியத்தின் எழுவாயும் நோக்கத்தக்கது. அங்கே செயலைப் புரிவது 'வணிகம்'. மனிதரைப் பிடித்தவர், விற்றவர், கப்பலேற்றியவர், வாங்கியவர், அதற்கேற்பச் சட்டம் இயற்றியவர் ஆகிய எவரும் அதில் இல்லை. கொண்டுவரப்பட்டவர்களும் பெயரற்ற ஒரு கூட்டமாகவே நிற்கின்றனர்.

அடிமைமுறையும் அதனைத் தொடர்ந்த சிவில் உரிமைப் போராட்டமும் அமெரிக்கப் பாடசாலைகளில் எவ்வாறு கற்பிக்கப்பட வேண்டும் என்ற விவாதம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நடைபெற்று வருகின்றது. அவ்விவாதத்தை ஊன்றி நோக்கின், அதன் மையத்தில் ஒரு வினாவே இருப்பது புலப்படும். யார் செய்தார், யாருக்குச் செய்தார், செய்யப்பட்டவர் அதற்கு எவ்வாறு முகங்கொடுத்தார் என்பனவற்றைப் பெயர் சுட்டிப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா என்பதே அவ்வினா.

சட்டத்தால் கட்டப்பட்ட அமைப்பு

1619ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் வேர்ஜீனியாவின் பொயின்ட் கம்பர்ட் எனுமிடத்தில் இருபதுக்குச் சற்று மேற்பட்ட ஆபிரிக்கர்கள் இறக்கப்பட்டனர். ஆங்கிலேயரின் அமெரிக்கக் குடியேற்றங்களில் அடிமைமுறையின் வரலாறு பொதுவாக இந்நிகழ்விலிருந்தே எழுதப்படுகின்றது. ஆயினும் அம்முறை ஒரே நாளில் உருவானதன்று. அது சட்டம் சட்டமாகக் கட்டியெழுப்பப்பட்டது. ஆங்கிலேய மரபில் பிள்ளையின் நிலை தந்தையைப் பின்பற்றியது. 1662இல் வேர்ஜீனியாவின் சட்டமன்றம் இதனைத் தலைகீழாக்கி, பிறக்கும் பிள்ளை தாயின் நிலையையே பெறும் என விதித்தது. அடிமைப் பெண்ணுக்கு அவளது எசமானனால் பிறந்த குழந்தையும் இதனால் அவனது உடைமையாயிற்று. 1667இல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம், ஞானஸ்நானம் பெறுவதால் அடிமை விடுதலையடையமாட்டான் எனக் கூறியது. 1740இல் தென் கரோலினா, அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்பதைக் குற்றமாக்கியது.

அடிமை வணிகத்தின் பரிமாணத்தை வரலாற்றாசிரியர்கள் கப்பல் பதிவேடுகளைக் கொண்டு கணித்துள்ளனர். ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் ஆபிரிக்கர்கள் அட்லாந்திக் கப்பல்களில் ஏற்றப்பட்டனர். உயிருடன் கரை சேர்ந்தோர் சுமார் 1 கோடியே 7 இலட்சம் பேர். இவர்களுள் மிகப் பெரும்பாலானோர் பிரேசிலுக்கும் கரீபியத் தீவுகளுக்குமே கொண்டு செல்லப்பட்டனர். வட அமெரிக்க நிலப்பரப்புக்கு ஆபிரிக்காவிலிருந்து நேரடியாக வந்தோர் 4 இலட்சத்திற்கும் சற்றுக் குறைவானவர்களே. ஆனால் 1860ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது ஐக்கிய அமெரிக்காவில் ஏறத்தாழ 39 இலட்சத்து 50 ஆயிரம் அடிமைகள் இருந்தனர். 1808 முதல் வெளிநாட்டிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வது தடைசெய்யப்பட்டிருந்தது. அவ்வாறாயின் இத்தொகை எங்கிருந்து வந்தது? 1662ஆம் ஆண்டுச் சட்டத்தை அறிந்த மாணவன் இதற்கு விடை காண்பான். ஒவ்வொரு பிறப்பும் உரிமையாளனின் சொத்தைப் பெருக்கியது. பருத்திச் செய்கை தெற்கே விரிந்தபோது சுமார் 10 இலட்சம் பேர் மேல் தென் மாநிலங்களிலிருந்து ஆழ் தெற்கிற்கு விற்கப்பட்டும் நகர்த்தப்பட்டும் குடும்பங்களிலிருந்து பிரிக்கப்பட்டனர்.

இவ்விரு எண்களையும் ஒரு சட்டத்தையும் இணைத்துப் பார்க்கக் கற்ற மாணவனுக்கு, அடிமைமுறை என்பது சில கொடிய எசமானர்களின் குணக்கேடு மட்டுமன்று, சட்டமும் சந்தையும் காவற்படையும் தாங்கி நின்ற ஓர் அமைப்பு என்பது விளங்கிவிடும். ஆனால் நீண்ட காலமாக அமெரிக்கப் பாடநூல்கள் இவ்விணைப்பைச் செய்யவில்லை.

பொய் பாடமான வரலாறு

1860-61இல் தென் மாநிலங்கள் பிரிந்து சென்றபோது தமது காரணத்தை அவை ஒளிக்கவில்லை. மிசிசிப்பி மாநிலம் வெளியிட்ட பிரகடனம், தனது நிலைப்பாடு அடிமைமுறையுடன் முற்றாகப் பிணைந்தது என வெளிப்படையாகவே கூறியது. புதிய கூட்டமைப்பின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீவன்ஸ் 1861 மார்ச்சில் சவான்னா நகரில் ஆற்றிய உரையில், இனங்களின் சமத்துவமின்மையே தமது அரசின் மூலைக்கல் எனப் பறைசாற்றினார். போர் தோல்வியில் முடிந்தது. 13ஆம், 14ஆம், 15ஆம் அரசியலமைப்புத் திருத்தங்கள் 1865, 1868, 1870 ஆகிய ஆண்டுகளில் முறையே அடிமைமுறை ஒழிப்பு, குடியுரிமை, வாக்குரிமை என்பவற்றை உறுதிசெய்தன. அதன் பின்னரே காரணம் மாற்றி எழுதப்பட்டது.

'இழந்த இலட்சியம்' என அறியப்படும் இப்புனைவின்படி, தெற்கு போரிட்டது அடிமைகளுக்காக அன்று, மாநில உரிமைகளுக்காகவே. அடிமைகள் அன்பான எசமானரின் கீழ் மகிழ்ந்திருந்தனர். 1894இல் தோற்றுவிக்கப்பட்ட 'கூட்டமைப்பின் புதல்வியர்' எனும் மாதர் அமைப்பு இக்கருத்தைச் சிலைகளில் மட்டுமன்றிப் பாடநூல்களிலும் நிலைநிறுத்த முனைந்தது. அவ்வமைப்பின் வரலாற்றாளராயிருந்த மில்ட்ரட் ருதர்போர்ட், முதலாம் உலகப் போரை அடுத்து, பாடநூல்களை அளவிடும் கோல் ஒன்றைக் கைநூலாக வெளியிட்டார். தெற்கு அடிமைகளைத் தக்கவைக்கவே போரிட்டது எனக் கூறும் நூலையும், அடிமை உரிமையாளரைக் கொடியவர் என வர்ணிக்கும் நூலையும் நிராகரிக்குமாறு அது பாடசாலைகளுக்கும் நூலகங்களுக்கும் அறிவுறுத்தியது. பாடநூல் குழுக்கள் மாநில மட்டத்தில் நூல்களைத் தெரிவுசெய்த தெற்கில், இவ்வாறான அழுத்தம் பதிப்பாளரின் வணிகத்தையே தீர்மானிப்பதாக இருந்தது.

இதன் விளைவு தலைமுறைகளைத் தாண்டியது. 1957இல் வேர்ஜீனியா மாநிலம் ஏழாம் வகுப்புக்கென வெளியிட்ட வரலாற்று நூலில், அடிமைக் கப்பலின் தளத்தில் நேர்த்தியாக உடையணிந்த ஓர் ஆபிரிக்கக் குடும்பத் தலைவன் வெள்ளையர் ஒருவருடன் கைகுலுக்குவது போன்ற ஓவியம் இடம்பெற்றது. விலங்கும் இல்லை, சாட்டையும் இல்லை. பாடசாலைகளில் இனப் பிரிவினை செல்லாது என அதியுயர் நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்திருந்த சூழலில் இந்நூல் வெளிவந்தமை குறிப்பிடத்தக்கது. 1970கள் வரை அது வகுப்பறைகளில் பயன்பட்டது. அதைப் படித்த பிள்ளைகள் பலர் பிற்காலத்தில் ஆசிரியர்களாகவும் நீதிபதிகளாகவும் சட்டமன்ற உறுப்பினர்களாகவும் ஆகியிருப்பர் என்பதை எண்ணிப் பார்த்தால் பாடநூலின் வலிமை புரியும்.

மறுத்துரைத்தோர்

இப்புனைவை எதிர்த்தோர் தொடக்கம் முதலே இருந்தனர். அடிமைகளாயிருந்த பெற்றோருக்கு 1875இல் பிறந்த கார்ட்டர் வூட்சன், இளமையில் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்து, 1912இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் வரலாற்றில் கலாநிதிப் பட்டம் பெற்றார். கறுப்பின வாழ்வையும் வரலாற்றையும் ஆராய்வதற்கென 1915இல் ஒரு சங்கத்தை நிறுவினார். 1926 பெப்ரவரியில் அவர் தொடங்கிய கறுப்பின வரலாற்று வாரம், அரை நூற்றாண்டின் பின் 1976இல் வரலாற்று மாதமாக அரச அங்கீகாரம் பெற்றது. வரலாறு பறிக்கப்பட்ட பிள்ளை தன்னைத் தாழ்ந்தவன் எனத் தானே நம்பிவிடுவான் என்பது வூட்சனின் எழுத்துக்களில் மீண்டும் மீண்டும் காணப்படும் கவலையாகும்.

அறிஞர் டபிள்யூ. ஈ. பி. டு போய்ஸ் 1935இல் வெளியிட்ட, கறுப்பின மக்களின் புனரமைப்புக்கால வரலாற்று நூலின் இறுதி அத்தியாயத்தை அக்காலப் பாடநூல்களை ஆய்வதற்கே ஒதுக்கினார். விடுதலை பெற்றோரைச் சோம்பேறிகளாகவும் ஆளத் தகுதியற்றோராகவும் அந்நூல்கள் சித்திரித்ததை எடுத்துக்காட்டி, வரலாறு பிரசாரமாக மாறிய கதையை அவர் பதிவுசெய்தார். கல்வித்துறை அவரது நூலை ஏற்றுக்கொள்ளப் பல தசாப்தங்கள் சென்றன.

1964ஆம் ஆண்டின் கோடையில் மிசிசிப்பியில் நடந்தது இவற்றினும் துணிகரமானது. வாக்காளர் பதிவு இயக்கத்தின் ஒரு பகுதியாக, 40க்கும் மேற்பட்ட 'விடுதலைப் பாடசாலைகள்' தேவாலயங்களின் நிலவறைகளிலும் மரநிழல்களிலும் இயங்கின. 2000க்கும் அதிகமானோர் அவற்றில் பயின்றனர். சார்ள்ஸ் கொப் என்ற இளைஞர் முன்வைத்த யோசனை அது. கறுப்பின வரலாறும் அரசியலமைப்பும் அங்கு கற்பிக்கப்பட்டன. விடைகளை மனனம் செய்விப்பதற்கு மாறாக, நாம் ஏன் இந்நிலையில் இருக்கிறோம், மாற்ற விரும்புவது எதை, காக்க விரும்புவது எதை என மாணவரைக் கேட்கச் செய்வதே கற்பித்தல் முறையாயிருந்தது. அத்தகையதொரு பாடசாலைக்கு இடமளிக்க இசைந்த மவுண்ட் சயோன் தேவாலயம் அவ்வாண்டு ஜூன் மாதத்தில் எரிக்கப்பட்டது. அதனைப் பார்வையிடச் சென்று திரும்பிய ஜேம்ஸ் சேனி, அன்ட்ரூ குட்மன், மைக்கல் ஷ்வேர்னர் ஆகிய மூன்று இளைஞர்கள் கொல்லப்பட்டனர். ஒரு வரலாற்றுப் பாடத்தைக் கற்பிப்பதற்குக் கொடுக்கப்பட்ட விலை இது.

பத்தாண்டுகள் கழித்து, ஜேம்ஸ் லோவன், சார்ள்ஸ் சல்லிஸ் ஆகியோர் அம்மாநிலத்தின் வரலாற்றைப் புதிய பாடநூலாக எழுதினர். மாநிலத் தெரிவுக்குழு அதனை நிராகரித்தது. கும்பற் கொலையின் படம் அதில் இருந்ததும் சர்ச்சைக்குரியதாயிற்று. வழக்குத் தொடரப்பட்டு, 1980இல் கூட்டாட்சி நீதிமன்றம் நூலாசிரியர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அதே மிசிசிப்பி, 2006இல் சிவில் உரிமை வரலாற்றைப் பாடசாலைகளில் கற்பிக்க வழிசெய்யும் சட்டமொன்றை இயற்றியது என்பதையும் நேர்மையுடன் குறிப்பிடல் வேண்டும். மாற்றம் இயலாததன்று.

பாடநூல் காணாத முஸ்லிம்கள்

பாடநூல்கள் விட்டுவிட்டவற்றுள் நமது வாசகர்களுக்கு அணுக்கமான ஓர் அத்தியாயமும் உண்டு. அட்லாந்திக் கடந்து கொண்டுவரப்பட்டோருள் மேற்கு ஆபிரிக்காவின் முஸ்லிம்கள் கணிசமாக இருந்தனர். அவர்களுட் சிலர் குர்ஆன் பாடசாலைகளில் பயின்று அரபு எழுத்தறிவு பெற்றவர்கள். எழுதக் கற்பிப்பது குற்றமாயிருந்த நாட்டில், எழுதத் தெரிந்தவர்களாகவே அவர்கள் வந்திறங்கினர்.

உமர் இப்னு ஸயீத் என்பார் இன்றைய செனகல் பகுதியிலுள்ள ஃபூத்தா தோரோவில் 1770 அளவில் பிறந்தவர்; பல ஆண்டுகள் மார்க்கக் கல்வி பயின்றவர். 1807இல் தென் கரோலினாவின் சார்ள்ஸ்டன் துறைமுகத்தில் இறக்கப்பட்டார். கொடிய எசமானிடமிருந்து தப்பி வட கரோலினாவில் பிடிபட்டபோது, சிறைச் சுவர்களில் அரபு மொழியில் எழுதியமை அவரைப் பலரறியச் செய்தது. 1831இல் அவர் தமது வாழ்க்கை வரலாற்றை அரபியில் சுருக்கமாக எழுதினார். ஐக்கிய அமெரிக்காவில் அடிமையாயிருந்த ஒருவர் அரபியில் எழுதி, இன்று எஞ்சியிருப்பதாக அறியப்பட்ட ஒரே தன்வரலாறு இதுவே. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2017இல் இதனைப் பெற்று, 2019இல் யாவரும் பார்வையிட வகைசெய்தது. அவ்வேடு ஸூரதுல் முல்க்குடன் தொடங்குகிறது. மனிதன் மனிதனை உடைமையாகக் கொண்டிருந்த ஒரு நாட்டில், ஆட்சியும் உடைமையும் யாருக்குரியவை என்பதைப் பேசும் ஸூராவை ஓர் அடிமை முகப்பில் நிறுத்தியமை ஆய்வாளரின் கவனத்தை ஈர்த்துள்ளது. அவர் பிற்காலத்தில் கிறிஸ்தவத்தைத் தழுவியதாக அக்காலத்தோர் கூறினர். அது எந்த அளவுக்கு உள்ளத்தின் மாற்றம் என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு நிலவுகின்றது. 1860களில், விடுதலை அவரை எட்டுமுன் அவர் காலமானார்.

ஜோர்ஜியாவின் சபேலோ தீவில் அடிமையாயிருந்த பிலாலி முஹம்மத் விட்டுச் சென்ற பதின்மூன்று பக்கக் கையெழுத்துப் பிரதி, மாலிகி மத்ஹபின் பிரபல நூலான இப்னு அபீ ஸைத் அல்-கைரவானியின் 'ரிஸாலா'வைத் தழுவியது என அறியப்பட்டுள்ளது. ஃபூத்தா ஜலோனின் இளவரசரான அப்துர் ரஹ்மான் இப்ராஹீம் 1788இல் மிசிசிப்பியின் நாச்சஸ் நகரில் விற்கப்பட்டு, நாற்பது ஆண்டுகள் பருத்தித் தோட்டத்தில் கழித்து, 1828இல் விடுதலை பெற்றார். அடுத்த ஆண்டு லைபீரியாவை அடைந்தும், தாயகத்தைக் காணுமுன் அங்கேயே மரணித்தார்.

மற்றொருவர் அய்யூப் ஸுலைமான் ஜல்லோ. பூந்து நாட்டின் மார்க்கக் குடும்பமொன்றைச் சேர்ந்த இவர், பிடிபட்டு மேரிலாந்தில் விற்கப்பட்டார். தந்தைக்கு அவர் அரபியில் எழுதிய கடிதம் இங்கிலாந்தை எட்டி அவரது விடுதலைக்கு வழிகோலியது. 1733இல் இலண்டன் சென்ற அவர் அங்கு குர்ஆனை நினைவிலிருந்தே எழுதினார். 1734இல் தாயகம் திரும்பினார். இவ்வரலாற்றை நாம் பெருமையுடன் கூறுவதுண்டு. ஆனால் முழுவதையும் கூற வேண்டும். கம்பியா நதிக்கரையில் அடிமைகள் இருவரை விற்கச் சென்ற பயணத்தின்போதே அவர் பிடிபட்டார். பிடிக்கப்பட்டவரும் விற்றவரும் அவரே. இந்த வாக்கியத்தை விட்டுவிட்டு அவரது கதையைக் கற்பிப்போமாயின், டெக்ஸாஸ் பாடநூலின் குறிப்பை எழுதியவரை நாம் குறைகூற இயலாது.

சிவில் உரிமைப் பாடத்தின் சுருக்கம்

அடிமைமுறைப் பாடத்தில் குற்றம் புரிந்தோர் மறைகின்றனர் எனில், சிவில் உரிமைப் பாடத்தில் போராடியோர் மறைகின்றனர். களைத்துப்போன ஒரு தையற்காரப் பெண் பேருந்தில் எழுந்திருக்க மறுத்தார். ஒரு மாபெரும் தலைவர் ஓர் உரை ஆற்றினார். அநீதி நீங்கியது என்ற வகையில் அப்பாடம் சுருங்கிவிடுகின்றது.

உண்மையில் ரோசா பார்க்ஸ் 1955 டிசம்பர் 1ஆம் திகதி கைதாவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே உரிமை அமைப்பொன்றின் உள்ளூர்க் கிளைச் செயலாளராகப் பணியாற்றியவர். அதே ஆண்டு மார்ச்சில் கிளோடெட் கொல்வின் என்ற 15 வயது மாணவி அதே நகரில் அதே செயலுக்காகக் கைதானார். பார்க்ஸ் கைதான இரவில் ஜோ ஆன் ரொபின்சன் எனும் ஆசிரியை, கல்லூரியின் பிரதியெடுக்கும் இயந்திரத்தில் பல்லாயிரம் துண்டுப்பிரசுரங்களை அச்சிட்டார். மொன்ட்கொமரியின் கறுப்பின மக்கள் 381 நாள்கள் பேருந்துகளைப் புறக்கணித்தனர். இறுதியில் பேருந்துப் பிரிவினையைச் செல்லாததாக்கிய வழக்கின் வாதிகள் நான்கு பெண்கள். கொல்வின் அவர்களுள் ஒருவர். இவ்வாறு கற்பிக்கப்படும்போது, மாற்றம் என்பது அமைப்பாலும் பொறுமையாலும் நடந்து தேயும் கால்களாலும் வருவது என மாணவன் அறிகின்றான்.

பாடசாலையே போர்க்களமாயிருந்ததும் கற்பிக்கத்தக்கது. 1951 ஏப்ரலில் வேர்ஜீனியாவின் ஃபார்ம்வில் நகரில், 16 வயதான பார்பரா ஜோன்ஸ் தனது பாடசாலையின் 400க்கும் மேற்பட்ட மாணவர்களை வகுப்புப் பகிஷ்கரிப்புக்கு அழைத்துச் சென்றார். கறுப்பினப் பிள்ளைகள் தார்த்தாள் வேய்ந்த கொட்டகைகளில் படித்ததே காரணம். அவ்வழக்கு 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பில் இணைந்த ஐந்து வழக்குகளுள் ஒன்றாயிற்று. அதனைச் செயற்படுத்த மறுத்த அம்மாவட்டம் 1959 முதல் 1964 வரை தனது பொதுப் பாடசாலைகள் அனைத்தையும் மூடிவிட்டது. வெள்ளையினப் பிள்ளைகளுக்குத் தனியார் பாடசாலை அமைந்தது. கறுப்பினப் பிள்ளைகளுள் பலர் ஐந்தாண்டுக் கல்வியை இழந்தனர்.

மார்ட்டின் லூதர் கிங்கிற்கு எதிர்முனையாக மட்டுமே மல்கம் எக்ஸை நிறுத்துவதும் இச்சுருக்கத்தின் ஒரு கூறேயாகும். 1964இல் ஹஜ்ஜுக்குப் பின் அவர் கெய்ரோவில் கூடிய ஆபிரிக்க நாடுகளின் தலைவர்களிடம், தம் மக்களின் பிரச்சினையை ஒரு நாட்டின் சிவில் உரிமை விவகாரமாகக் கொள்ளாது மனித உரிமை விவகாரமாக ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொண்டுசெல்ல வேண்டுமென முறையிட்டார். இவ்வேறுபாடு ஒரு சிறந்த வகுப்பறை விவாதத்திற்குரியது.

இன்றைய சர்ச்சை

2018இல் தென் வறுமைச் சட்ட மையம் வெளியிட்ட ஆய்வறிக்கை, உயர்நிலைப் பள்ளி இறுதி வகுப்பு மாணவர் ஆயிரம் பேரிடம் வினவியபோது, உள்நாட்டுப் போரின் மையக் காரணம் அடிமைமுறையே எனச் சரியாகக் கூறியோர் 8 சதவீதத்தினரே எனத் தெரிவித்தது. தமது பாடநூல் இவ்விடயத்தில் போதாது என ஆசிரியர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் கருதினர்.

2019 ஓகஸ்டில் நியூயோர்க் டைம்ஸ் சஞ்சிகை, நிகோல் ஹன்னா-ஜோன்ஸின் முன்முயற்சியில் '1619 திட்டம்' எனும் கட்டுரைத் தொகுப்பை வெளியிட்டது. அமெரிக்க வரலாற்றின் மையத்தில் அடிமைமுறையை வைத்த அத்தொகுப்பு வகுப்பறைகளிலும் நுழைந்தது. அமெரிக்கப் புரட்சிக்கு அடிமைமுறையைக் காப்பதே ஒரு முதன்மைக் காரணம் என்ற அதன் கூற்றைப் புகழ்பெற்ற வரலாற்றாசிரியர் சிலர் மறுத்தனர். 2020இல் அவ்வாக்கியம் குடியேற்றவாசிகளுள் 'சிலரை'யே குறிக்குமாறு திருத்தப்பட்டது. இத்தகைய திருத்தம் வரலாற்றுத் துறையின் பலவீனமன்று, அதன் வழமை.

ஆனால் இதற்கு எதிர்வினையாக 2021 முதல் பல மாநிலங்கள் இயற்றிய சட்டங்கள் வேறு வகையின. இன அடிப்படையில் மாணவரிடம் குற்றவுணர்வையோ மனவேதனையையோ தூண்டும் கற்பித்தலை அவை பல்வேறு சொற்களில் கட்டுப்படுத்தின. புளோரிடா மாநிலம் 2023 ஜனவரியில் ஆபிரிக்க-அமெரிக்க ஆய்வு எனும் உயர்தரப் பாடநெறியை நிராகரித்தது. அவ்வாண்டு ஜூலையில் அது வெளியிட்ட பாட நியமங்களில், அடிமைகள் வளர்த்துக்கொண்ட திறன்கள் சில சமயங்களில் அவர்களது சொந்த நன்மைக்குப் பயன்பட்டன எனக் கற்பிக்குமாறு ஒரு விளக்கக் குறிப்பு இடம்பெற்றது.

இச்சட்டங்களை ஆதரிப்போரின் அச்சத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. தன் மூதாதையர் செய்ததற்காகப் பத்து வயதுப் பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது அநீதியே. ஒருவரின் பாவச்சுமையை மற்றொருவர் சுமப்பதில்லை என்பது நாமும் ஏற்ற நெறி. எனினும் குற்றம் வேறு, அறிவு வேறு. அன்று நடந்ததற்கு இன்றைய பிள்ளை பொறுப்பாளியன்று; அதன் விளைவுகள் தொடரும் ஒரு நாட்டின் குடிமகனாக அதனை அறியும் கடப்பாடு அவனுக்குண்டு. அறிவினால் எழும் துயரம் தீங்கன்று. அநீதி கண்டு உள்ளம் வருந்துவது நலமான உள்ளத்தின் அடையாளம்.

திறன்கள் பற்றிய குறிப்பையும் ஆதாரங்களோடு வைத்து நோக்குவோம். பிரெடெரிக் டக்ளஸ் பால்டிமோர் கப்பற் பட்டறையில் தொழில் கற்றார். வாரந்தோறும் ஈட்டிய கூலியை எசமானிடம் ஒப்படைக்க வேண்டியிருந்ததை 1845இல் வெளியான தன்வரலாற்றில் அவரே பதிவுசெய்துள்ளார். தென் கரோலினாவின் செல்வத்துக்கு அடிப்படையான நெற்செய்கையில் மேற்கு ஆபிரிக்கர் கொண்டுவந்த அனுபவத்தின் பங்கை வரலாற்றாசிரியர்கள் சுட்டியுள்ளனர். உமர் இப்னு ஸயீதின் எழுத்தறிவு அடிமைத்தனம் தந்ததன்று. அடிமைத்தனத்தால் அழிக்க இயலாது போனது. ஆகவே வினா, திறன் இருந்ததா என்பதன்று. அது எங்கிருந்து வந்தது, அதன் பயன் யாரிடம் சென்றது என்பதே.

கற்பிக்கும் முறை

அனுபவமிக்க ஆசிரியர்களின் நடைமுறையிலிருந்து சில நெறிகளை வகுத்துக்கொள்ள முடியும். முதலாவது, பாடத்தை விலங்கிலிருந்து தொடங்காது, ஆபிரிக்காவின் நகரங்கள், அரசுகள், கல்விக்கூடங்களிலிருந்து தொடங்குவது. அடிமையாகப் பிறந்த இனம் என எதுவுமில்லை. அடிமையாக்கப்பட்ட மனிதரே உளர் என்பதைத் தொடக்கமே உணர்த்திவிடும்.

இரண்டாவது, மூல ஆவணங்களை மாணவர் கையில் கொடுப்பது. தப்பியோடிய அடிமையைப் பிடித்துத் தருமாறு உரிமையாளர்கள் பத்திரிகைகளில் வெளியிட்ட விளம்பரங்கள் இதற்குச் சிறந்த சான்று. ஓடியவரின் உயரம், உடை, தழும்புகள், அறிந்த மொழிகள், கைத்தொழில், அவர் தேடிச் செல்லக்கூடிய மனைவி மக்களின் இருப்பிடம் முதலியவற்றை உரிமையாளனே அதில் எழுதுகிறான். உடைமை என அவன் கருதியவர் அறிவும் பாசமும் விருப்பமும் உடைய மனிதர் என்பதற்கு அவனே சாட்சியாகிவிடுகின்றான். முன்னாள் அடிமைகள் 2300 பேருக்கும் அதிகமானோரிடம் 1936 முதல் 1938 வரை அரச எழுத்தாளர் திட்டம் பெற்ற வாய்மொழிகளும் உள்ளன. எனினும் கேள்வி கேட்டோரில் பெரும்பாலானோர் வெள்ளையர் என்பதையும், வறுமை மிக்க அக்காலத்தில் அம்முதியோர் சொல்லத் துணிந்தது எவ்வளவு என்பதையும் மாணவரே ஆராய வேண்டும். ஆவணத்தை நம்புவதற்கு முன் விசாரிப்பது ஹதீஸ் கலை மரபில் வந்த நமக்குப் புதிதன்று.

மூன்றாவது, நடித்துக் காட்டல் என்ற பெயரில் வகுப்பறையில் ஏல விற்பனையையோ கப்பற் பயணத்தையோ விளையாட்டாக்காதிருப்பது. அது ஒரு சாராருக்கு அவமானமாகவும் மறுசாராருக்குக் கேளிக்கையாகவும் முடிந்த நிகழ்வுகள் அமெரிக்காவில் பலமுறை கண்டிக்கப்பட்டுள்ளன.

இந்நெறிகளை நமக்கும் பொருத்திப் பார்க்கும் கடமை உண்டு. அல்-குர்ஆன் அடிமை விடுதலையைப் பேரறமாகவும் குற்றப் பரிகாரமாகவும் அமைத்து, ஸகாத்தின் செலவினங்களுள் ஒன்றாகவும் வகுத்தது. பிலால் (ரழி) அவர்களின் குரல் கஃபாவின் மேலிருந்து ஒலித்தது. நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும் பாடம் பெரும்பாலும் இத்துடன் முடிந்துவிடுகின்றது. ஆனால் 869ஆம் ஆண்டு முதல் 883 வரை பஸ்ராவின் உவர்நிலங்களில் ஸன்ஜ் அடிமைகள் ஏன் கிளர்ந்தெழுந்தனர்? 1846இல் துனீசியாவின் அஹ்மத் பே அடிமைமுறையை ஒழித்தபோது, ஏனைய பல முஸ்லிம் நாடுகள் ஏன் தயங்கின? மொரித்தானியா 1981இல்தான் அதனைச் சட்டப்படி ஒழித்ததும், 2007இல்தான் தண்டனைக்குரிய குற்றமாக்கியதும் எதனால்? போதனைக்கும் நடைமுறைக்கும் இடையில் நீண்ட இவ்விடைவெளியை மறைத்து எழுதப்படும் வரலாறும் ஓர் 'இழந்த இலட்சிய'மே.

தன் சமூகத்தின் தவறுகளை அறிந்த பிள்ளை அச்சமூகத்தை வெறுத்துவிடும் என்ற பயம் வேர்ஜீனியாவின் ஓவியத்தை வரையச் செய்தது. புளோரிடாவின் குறிப்பை எழுதச் செய்தது. அனுபவம் இதற்கு மாறானது. விடுதலைப் பாடசாலைகளில் தம் வரலாற்றைப் பயின்ற மிசிசிப்பிப் பிள்ளைகள் நாட்டைக் கைவிடவில்லை; அரசியலமைப்பு வாக்களித்ததை அந்நாட்டிடமே கேட்டனர். செய்தவர் பெயரையும் செய்யப்பட்டவர் பெயரையும் எதிர்த்து நின்றவர் பெயரையும் ஒரே பாடத்தில் சேர்த்துக் கூறும் ஆசிரியர், பிள்ளைகளுக்கு வெட்கத்தையோ வெற்றுப் பெருமையையோ அளிப்பதில்லை. அநீதி மனிதரால் செய்யப்பட்டது, ஆகவே மனிதரால் நீக்கப்படக்கூடியது என்ற தெளிவை அளிக்கின்றார். எழுவாய் இல்லாத வாக்கியங்களால் அத்தெளிவைத் தர இயலாது.